பரமலிங்கத்தார் வார்த்த தண்ணீர்

கொடிகாமம் சந்தையில் வாழைக்குலை இறக்கிக்கொண்டிருக்கிற மனிசனிடம் ஒரு பெட்டை வந்து, "அண்ணை, சனிக்கிழமை நீங்கள் செத்துப்போன உங்கடை அப்பாவா நிக்க வேணும்" என்று கேட்டால் அவன் என்ன செய்வான்? சுதாகரன் தோளிலிருந்த குலையை இறக்கிவைக்காமலே "ஓம்" என்று சொல்லிவிட்டான். கழுத்தில் வாழைப்பால் வழிந்து ஒட்டிக்கொண்டிருக்கிற நேரத்தில் எதைக் கேட்டாலும் மனிசன் ஓம் என்றுதான் சொல்லுவான்.

பெட்டையின் பெயர் தாரிகா. ஊர் நூலகத்துக்குப் போன வருடம் வேலைக்கு வந்த நூலகர். வயது இருபத்தைந்து. போருக்குப் பயந்து யாழ்ப்பாணப் பட்டினமும் வலிகாமமும் ஒரே இரவில் வீடு வாசலை விட்டு வெளிக்கிட்டு, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து எங்கள் தென்மராட்சிக்குள் வந்து விழுந்த அந்த ஐப்பசிக்கு இந்த வருடம் முப்பது வயது. நினைவு நாள் என்றால் எங்கள் ஊரில் விளக்குக் கொளுத்தி, தலைவர் பேசி, உபதலைவர் பேசி, பேசாமல் விடுபட்டவர் நன்றியுரை என்று எழும்பி அரை மணித்தியாலம் பேசி, சனம் கொட்டாவி விட்டு முடியும். தாரிகா அதை ஒப்பவில்லை. அந்த நாளில் இருந்த ஆட்களாக ஊர்ச் சனமே நூலகத்தில் ஆளுக்கொரு மூலையில் நிற்க வேண்டும், பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமாகப் போய்க் கதை கேட்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். மரத்தடியில் பள்ளிக்கூடம் நடத்திய வாத்தியார், மாட்டுவண்டிலுக்குள் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவமாது, சைக்கிளில் ஊர் ஊராகக் கடிதம் தேடிக் கொடுத்த தபால்காரர். அந்த வரிசையில் சுதாகரனின் அப்பா பரமலிங்கத்தாரும் இருந்தார். தன் வளவுக்குள் அறுபத்துமூன்று பேரை ஆறு மாதம் வைத்திருந்த மனிசனை எப்படி விடுவது?

"இது நீங்கள் கதைக்க வேண்டியது. உங்கடை அப்பான்ரை கல்வெட்டைப் பாத்துத்தான் எழுதினனான்" என்று ஒரு தாளை நீட்டினாள். கல்வெட்டு என்றது, பரமலிங்கத்தாரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சடித்துக் கொடுத்த நினைவு மலரை. தேவாரம், வம்சாவளி, படம், வாழ்க்கைச் சரிதம் எல்லாம் அதில் உண்டு. சரிதத்தை எழுதியவர் சுதாகரனின் பெரியப்பா. அவரும் இப்போது இல்லை.

தாரிகா ஒரு பந்தியில் விரலை வைத்தாள். "இந்த இடம் வாசிக்கேக்கை எனக்கு அழுகையே வந்திட்டுது அண்ணை. என்ன மனிசன்!"

சுதாகரன் வாசித்தான். "மூன்று நாட்கள், விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை, பரமலிங்கம் ஐயா கிணற்றடியை விட்டு அசையவில்லை. வந்தவர்கள் ஒருவரையும் வாளியைத் தொடவிடாமல், அத்தனை பேருக்கும் தன் கையாலேயே தண்ணீர் அள்ளி வார்த்தார்."

தோளிலிருந்த குலையை அப்போதுதான் இறக்கிவைத்தான்.

"குருநகரிலையிருந்தும் ஆக்கள் வருகினம் அண்ணை" என்று தாரிகா சந்தோசமாகச் சொன்னாள். "உங்கடை வீட்டிலை இருந்த அற்புதராணி அம்மா ஓம் எண்டிட்டா. அவவை முன் வாங்கிலை இருத்தப் போறன்."

தாரிகாவில் பிழை இல்லை. அவள் பிறந்தது அதற்கெல்லாம் பிறகு. ஒரு மனிசன் அறுபத்துமூன்று பேருக்குத் தன் கையால் தண்ணீர் அள்ளி வார்த்தான் என்று வாசித்தால், பெற்ற தாய் மாதிரிப் பார்த்திருக்கிறான் என்றுதான் எந்தப் பிள்ளையும் நினைக்கும். நாற்பது வயதுக்கு மேற்பட்ட எங்கள் ஊர்ச் சனத்துக்குத்தான் தெரியும், அவர் ஏன் அள்ளினார் என்று. வந்தவர்கள் குருநகர்க் கடற்கரைச் சனம், எங்கள் ஊர் சாதி பார்த்துத் தள்ளிவைத்த மீன்பிடிச் சனம். அவர்களுடைய கை கிணற்று வாளியிலும் கயிற்றிலும் படக்கூடாது. படாமல் தண்ணீர் கொடுக்க வேண்டுமென்றால் வீட்டுக்காரன் அள்ள வேண்டும், வந்தவர்கள் தள்ளி நின்று கையை ஏந்த வேண்டும். அந்த வழக்கத்தைத்தான் பெரியப்பா தொண்டு என்று அச்சடித்து வைத்தார். அந்தக் கல்வெட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவன் சுதாகரன்தான். அன்றைக்கும் இந்தப் பந்தியை வாசித்தான், வாய் திறக்கவில்லை.

பின்னேரம் வீட்டில் அடுப்பில் புட்டு அவிந்துகொண்டிருந்தது. சுதாகரனின் மனைவி சுபாஜினி தாளை வாங்கி ஒருக்கா வாசித்துவிட்டு, "வடிவா எழுதியிருக்கிறாள்" என்றாள். அவள் பக்கத்து மட்டுவிலில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்கும் விசயம் தெரியும்.

"வடிவாத்தான் இருக்கு" என்றான் சுதாகரன். "ராணியக்கா முன்னாலை இருக்கேக்கை உதை என்ன முகத்தோடை சொல்லுறது?"

"அப்ப அந்தத் தண்ணிக் கதையை விடுங்கோ. வாழைத்தோட்டம் முழுக்க வெட்டிச் சனத்துக்குக் குடுத்தவர், அதைச் சொல்லுங்கோ. மாட்டுக்கொட்டிலைத் துப்புரவாக்கிப் படுக்கவிட்டவர். கஞ்சி காய்ச்சினது. சொல்ல எவ்வளவு கிடக்கு."

"கல்வெட்டிலை இருக்கு. தாளிலை இருக்கு. நான் விட்டாலும் விழாத் தலைவர் எடுத்துச் சொல்லுவார்."

"அதுக்கு? உள்ளதைச் சொல்லி, சபைக்கு நடுவிலை உங்கடை அப்பாவை அவமானப்படுத்தப் போறியளோ? இஞ்சருங்கோ, அவர் போய்ப் பதினொரு வருசம். இண்டைக்கும் இந்த ஊர் அவற்றை பேரைச் சொல்லித்தான் எங்களுக்குக் கதிரை போடுது. அதைப் போய் நீங்களே..." முடிக்காமலே புட்டுக்குழலை அடுப்பிலிருந்து இறக்கினாள்.

பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்த பூரணம் அப்போதுதான் வாய் திறந்தாள். பரமலிங்கத்தாரின் பெண்சாதி, சுதாகரனின் தாய். எழுபத்துமூன்று வயது, பல் ஒன்றும் விழவில்லை, வாயும் அப்படித்தான்.

"உந்தத் தாளிலை பொய் ஒண்டும் இல்லை மோனை. ஏன் வார்த்தவர் எண்டதுதான் இல்லை" என்றாள். "மூண்டு நாளும் அந்தப் பெட்டை ராணி ஒன்பது மாசக் குழந்தையை இடுப்பிலை வைச்சுக்கொண்டு கையை ஏந்தினவள். ஒரு கையிலை பிள்ளை, ஒரு கையிலை எவ்வளவு தண்ணி நிக்கும்? முழுக்க நிலத்திலை சிந்தும். குசினி வாசலிலை நிண்டு பாத்துக்கொண்டுதான் இருந்தனான். நான் மட்டும் என்ன செய்தனான்? கொப்பருக்கு ஒரு சொல்லுச் சொன்னனானோ? இல்லை. பெரியப்பா வேலிக்கு மேலாலை எட்டிப் பாத்து, சந்நிதி கோயிலிலை ஒண்டாப் பந்தியிலை இருக்கலாம், வீட்டுக் கிணறு வேறை எண்டு புத்தி சொல்லிக்கொண்டு நிண்டவர். எல்லாருமாத்தான் செய்தனாங்கள்."

"அப்ப சொல்லச் சொல்லுறியோ எணை அம்மா?"

"அவளின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு உதை வாசிக்க உன்னாலை ஏலுமெண்டால் வாசி."

சுதாகரனால் ஏலாது. அதுதான் கரைச்சல். அதைவிடப் பெரிய கரைச்சல், உண்மையைச் சொன்னால் அப்பாவுக்கு என்ன மிஞ்சும் என்பது. நாலாம் நாள் அவன் வீட்டில் இல்லை. விடியவே பங்கீட்டு அரிசி வரிசைக்குச் சாவகச்சேரிக்குப் போனவன், மத்தியானம் திரும்பி வரும்போது கிணற்றடியில் வாளி கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. குருநகர்ப் பெட்டைகள் அள்ளி அள்ளித் தலையில் ஊற்றிச் சிரித்தார்கள். அப்பா மாமரத்தடியில் கையில் துணி சுற்றிக்கொண்டு இருந்தார். அந்தக் காலத்தில் மண்ணெண்ணெய் இல்லை, தண்ணீர் இறைக்கிற மெசின் தூசி பிடித்துக் கிடந்தது. அறுபத்துமூன்று பேருக்குக் குடிக்க, குளிக்க, சமைக்க எல்லாம் ஈரத் தும்புக்கயிற்றால் கையாலேயே இழுத்தால் எந்தக் கைதான் தாங்கும்? பிறகு ஒருநாள் கேட்டான். "கை ஏலாமல் போச்சுது, விட்டிட்டன்" என்று மட்டும் சொன்னார். அடுத்த பேச்சு வெங்காயத்துக்குப் போய்விட்டது.

ஆகவே சுதாகரனைப் பொறுத்தவரை அப்பா கிணற்றை விட்டது மனம் இளகியல்ல, கைத்தோல் உரிந்து. அப்பாவை அவன் கும்பிட்டவன். அந்த மனிசனின் உழைப்புக்கும் பொறுமைக்கும் ஊரில் சோடி இல்லை என்று இன்றைக்கும் சொல்லுவான். அந்த மூன்று நாளை மட்டும் முப்பது வருடமாக வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை நூலகத்தில் ஒத்திகை. சுதாகரன் தாரிகாவை முற்றத்துக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னான். அந்தப் பிள்ளையின் முகம் செத்துப்போனது.

"ஐயோ அண்ணை, எனக்குத் தெரியாது. அவவுக்கு முன்னாலை... நான் வெட்டி விடுறன்."

"வெட்டாதை. யோசிச்சுச் சொல்லுறன்."

"நாளைக்கு நிகழ்ச்சி!"

"நாளைக்குத்தான் யோசிப்பன்" என்று சொல்லிவிட்டு லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினில் ஏறிப் போய்விட்டான்.

சனிக்கிழமை காலமை மழை பெய்து விட்டிருந்தது. நூலக முற்றத்தில் செம்மண் சேறு, சனத்தின் செருப்பெல்லாம் ஒரே நிறம். உள்ளே புத்தக அலுமாரிகளுக்கு நடுவில் டினேஸ் மாஸ்டர், வாத்தியாராக நின்று கரும்பலகை இல்லாமல் கணக்குப் படிப்பித்த கதை சொன்னார். மருத்துவமாதுவாக நின்ற குணலட்சுமி, வண்டில்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாட்டோடு கதைத்துக்கொண்டிருந்ததைச் சொன்னபோது சனம் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தது. எங்கள் ஆட்களுக்கு இவ்வளவு வருமா என்று எனக்கே ஆச்சரியம்தான். மைக் இல்லை, மேடை இல்லை, பக்கத்தில் நின்று கதைக்கிற குரலில் சொன்னார்கள். நூலகத்தில் அப்படி ஒரு அமைதி புத்தகம் வாசிக்கிற நாளிலும் இருந்ததில்லை.

அற்புதராணி பத்து மணிக்கு வந்தாள். மகன் றோய் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினான். அந்த ஒன்பது மாசக் குழந்தைதான் இந்த றோய். இப்போது வாசலுக்குக் குனிந்து வருகிற உயரம். அற்புதராணிக்கு ஐம்பத்தொன்பது. புருசன் கிறிஸ்துநாயகம் போய் ஆறு வருடம். கரையில் கிழிந்த வலை பொத்தியும் இறால் காயப்போட்டும் வீட்டை நடத்துகிறவள்.

"அம்மா!" என்று வந்து பூரணத்தின் கையைப் பிடித்தாள். "இறால் கருவாடு கொண்டந்தனான். சனிக்கிழமை மச்சம் சாப்பிடுவியளோ தெரியாது."

"நான் சாப்பிடன். உவன் சாப்பிடுவான், தா" என்றாள் பூரணம். "பேந்து இருந்து சோறு தின்னாமல் போகக்கூடாது."

"பின்னேரத்துக்கிடையிலை போக வேணும் அம்மா. நாளைக்கு மரித்தோர் திருநாள். சேமக்காலையிலை இவற்றை கல்லறையைத் துப்புரவாக்கிப் பூ வைக்க வேணும்." பிறகு சுதாகரனைப் பார்த்தாள். "தம்பி, அப்பிடியே ஐயா மாதிரி நிக்கிறீங்கள்."

அவன் தகப்பனின் நாலு முழ வேட்டியைக் கட்டி, தலையில் சால்வையைச் சுற்றியிருந்தான். கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய தகர வாளி. நூலக முற்றத்துக் கிணற்றில் கப்பியும் கயிறும் இருந்தன. அதுதான் அவனுடைய மூலை. சனம் உள்ளேயிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்து கிணற்றைச் சுற்றி நின்றது. முன் வாங்கில் பூரணம், அற்புதராணி, பக்கத்தில் சுபாஜினி. சுபாஜினி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் பரமலிங்கம்" என்று சுதாகரன் தொடங்கினான். "இந்த ஊரிலை தோட்டம் செய்யிறனான். அண்டைக்கு விடியப் படலையைத் திறந்தால் றோட்டு முழுக்கச் சனம். மழை. ஒருத்தரும் அழேல்லை, அதுதான் எனக்குப் பயமாக் கிடந்தது. உள்ளுக்கு வாங்கோ எண்டனான்."

வாழைக்குலை வெட்டிக் கொடுத்ததைச் சொன்னான். மாட்டுக்கொட்டிலைச் சொன்னான். கதை தன்பாட்டில் ஓடி அந்தப் பந்திக்கு வந்தது. வாய் தாளில் இருந்ததையே சொன்னது.

"மூண்டு நாள், விடிஞ்சால் பொழுதுபட, கிணத்தடியை விட்டு அசையேல்லை. வந்த ஒருத்தரையும் வாளியைத் தொடவிடேல்லை. அத்தினை பேருக்கும் என்ரை கையாலையே அள்ளி வார்த்தனான்."

பின்னுக்கு நின்ற இளம்பெடியள் கை தட்டினார்கள். தலைவர் தட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். அற்புதராணியும் தட்டினாள். வந்த இடத்தில் மரியாதைக்காக, முகத்தில் ஒன்றும் காட்டாமல், மெல்லமாக மூன்று தரம் தட்டிவிட்டுக் கையை மடியில் வைத்தாள்.

அந்த மூன்று தட்டும் சுதாகரனின் செவியில் அறைந்தன. அவள் பேசாமல் எழும்பிப் போயிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

"தட்டாதேங்கோ" என்றான். சனம் அடங்கவில்லை. "தட்டாதேங்கோ எண்டுறன்!"

முற்றம் அடங்கியது.

"நான் ஏன் அள்ளினனான் எண்டதைக் கேளுங்கோ. எங்கடை வாளியிலை, எங்கடை கயித்திலை, குருநகர்ச் சனத்தின்ரை கை படக்கூடாது எண்டுதான் அள்ளினனான். வீடு வாசலை விட்டுட்டு வந்த சனத்தைத் தள்ளி நிக்கவிட்டு, கையை ஏந்தச் சொன்னனான். ஒரு தாய் பிள்ளையோடை ஒற்றைக்கையாலை ஏந்தினா. தண்ணி முழுக்க நிலத்திலை போச்சுது. கல்வெட்டிலை அதைத் தொண்டு எண்டு அடிச்சிருக்கு. அதை வீடு வீடாக் குடுத்தது என்ரை மோன்தான்."

சுபாஜினி தலையைக் குனிந்துகொண்டாள். தலைவர் இருமினார். சுதாகரன் ஆனாலும் விடவில்லை.

"நாலாம் நாள் கைத்தோல் உரிஞ்சு போச்சுது. அதாலை வாளியை விட்டிட்டன். அதிலை பெருமைப்பட ஒண்டும் இல்லை. அவ்வளவுதான்."

"உது பிழை தம்பி."

சொன்னது அற்புதராணி. வாங்கிலிருந்து எழும்பிவிட்டாள்.

"மற்றதெல்லாம் சரி. உள்ளதைச் சொல்லிப்போட்டீங்கள், நல்லா இருங்கோ. கடைசி மட்டும் பிழை. நாலாம் நாள் நீங்கள் அங்கை இல்லை. அம்மாவும் குசினிக்குள்ளை. நான் நிண்டனான்." சேற்றுக்குள் சேலையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தாள். "தள்ளி நில்லுங்கோ. இல்லை, தள்ளாதேங்கோ. கயித்தைப் பிடியுங்கோ. நீங்கள்தானே ஐயா?"

சுதாகரன் கயிற்றைப் பிடித்தான்.

"அப்ப நான் இவர், றோயின்ரை அப்பா" என்றாள். றோய் பின்னுக்கு நின்று வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். "இவர் கயித்திலை ரத்தத்தைக் கண்டிட்டார். ஐயா பேசாமல் இழுத்துக்கொண்டே நிக்கிறார். இவர் பொறுத்துப் பொறுத்துப் பாத்திட்டு நேரை கிட்டப் போனவர். எனக்கு ஈரற்குலை நடுங்கினது. இருக்கிற இடத்தையும் கெடுக்கப் போறார் எண்டு நினைச்சன். கிட்டப் போய்..." அவள் இரண்டு கையையும் நீட்டிச் சுதாகரனின் கைக்கு மேலால் கயிற்றைப் பிடித்தாள். வலை இழுத்து உரமேறிய உள்ளங்கை. "விடுங்கோ ஐயா. கயிறு எங்களுக்குப் பழக்கம்."

சுதாகரன் கயிற்றைப் பிடித்தபடியே நின்றான்.

"ஐயா விட்டவர்" என்றாள் அற்புதராணி. "அது கை நொந்ததாலை எண்டு வைச்சுக்கொள்ளுவம். பேந்து நடந்தது கை நொந்ததாலை இல்லை."

சுதாகரன் கயிற்றை விட்டான். அவள் வாளியைக் கிணற்றுக்குள் இறக்கி, கயிற்றை ஒரு வெட்டு வெட்டித் தண்ணீர் நிரப்பி, கைக்குமேல் கை வைத்து இழுத்தாள். கப்பி கத்தியது. நாலே இழுவையில் வாளி மேலே வந்தது. ஐம்பத்தொன்பது வயது மனிசி இழுக்கிறாள் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

"வாளியை எடுத்த இவருக்கு ஆருக்கு ஊத்துறது எண்டு தெரியேல்லை. கொண்டுபோய்ச் சனத்துக்கு ஊத்தவோ, வைச்சிட்டுப் போகவோ? அப்பிடியே தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். வேலியாலை உங்கடை ஆக்கள் ஏழெட்டுப் பேர் பாத்துக்கொண்டு நிக்கினம். உங்கடை பெரியப்பா, ‘பரமலிங்கம்!’ எண்டு கத்துறார். ஐயா திரும்பியும் பாக்கேல்லை. குனிஞ்சார். ரெண்டு கையையும் சேர்த்து ஏந்தினார். நாங்கள் மூண்டு நாள் எப்பிடி ஏந்தினமோ, அப்பிடியே."

பூரணம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். அவளுக்கும் இது தெரியாது. நாற்பது வருடம் ஒன்றாக இருந்த மனிசன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலியால் பார்த்தவர்களும் மானம் போகும் என்று அதை வெளியே விடவில்லை.

"தோல் உரிஞ்ச கை, தண்ணி பட்டால் எப்பிடி எரியும்? முகம் சுழிக்கேல்லை. குடிச்சு முடிச்சு வாயைத் துடைச்சிட்டு, ‘தண்ணி நல்லா இருக்கு’ எண்டார். சொந்தக் கிணத்துத் தண்ணியை அண்டைக்குத்தான் முதல் குடிக்கிற ஆள் மாதிரி. பேந்து எங்களைப் பாத்து, ‘அள்ளுங்கோ’ எண்டார். அவ்வளவுதான். இவர் சாகிற வரைக்கும் ஐயாவைப் பற்றி அதைத்தான் சொல்லுவார். மூண்டு நாளை ஒருநாளும் சொன்னதில்லை."

சுதாகரனுக்குக் கண்ணீர் தாடியில் வழிந்தது. துடைக்கவில்லை. பிறந்ததிலிருந்து அந்த மனிசனோடு ஒரே கிணற்றில் குளித்து, ஒரே தோட்டத்தில் கொத்தி, கடைசியில் தோளில் சுமந்து கொண்டுபோய்க் கொள்ளியும் வைத்தவன், தன் அப்பன் யாரென்று அந்தக் கிணற்றடியில்தான் அறிந்தான்.

அற்புதராணி வாளியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். தகர வாளியின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஏந்துங்கோ ஐயா" என்றாள்.

சுதாகரன் தலைச் சால்வையை அவிழ்த்துத் தோளில் போட்டான். ஊரெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க, குனிந்து இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினான். அவள் வாளியைச் சரித்தாள். தண்ணீர் கை நிறைந்து முழங்கையால் வழிந்தது. குடித்தான். ஒருத்தரும் கை தட்டவில்லை.

நிமிராமல், ஏந்திய கையை எடுக்காமல் சொன்னான்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்கோ அக்கா."